மலாயா என்னும் போர்க்கப்பல்

கப்பல் என்றதும் மலேசியத் தமிழரின் நெஞ்சில் எழும் பெயர்கள் இரண்டு. ஒன்று ‘ரஜூலா’, மற்றொன்று ‘எம்.வி. சிதம்பரம்’. அவை மக்களைச் சுமந்து வந்த கப்பல்கள். பெட்டியும் படுக்கையும் கண்ணீருமாக நாகையிலும் சென்னையிலும் ஏறியவர்களைப் பினாங்கிலும் கிள்ளான் துறையிலும் இறக்கிவிட்ட அவற்றைப் பற்றிப் பாட்டனும் பாட்டியும் சொல்லக் கேட்டிராத குடும்பம் இந்நாட்டில் அரிது. ஆனால் மலாயா என்னும் பெயரையே தாங்கிய மற்றொரு கப்பலும் இருந்தது. இந்நாட்டு மக்களில் ஒருவரையும் அது ஏற்றி வந்ததில்லை. எனினும் அதற்கான விலையை இந்நாடே கொடுத்தது. பிரிட்டிஷ் கடற்படையின் பெரும் போர்க்கப்பல்களுள் ஒன்றாக விளங்கிய அந்த ‘மலாயா’வின் கதை, ஈயச் சுரங்கத்திலும் பால்மரக் காட்டிலும் இருப்புப் பாதையிலும் தொடங்குகிறது.

1906ஆம் ஆண்டில் பிரிட்டன் ‘டிரெட்நாட்’ என்னும் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. ஒரே அளவுள்ள பெரிய பீரங்கிகளும் விசைச்சுழலி இயந்திரங்களும் கொண்ட அக்கப்பல் தோன்றியதும், அதற்கு முன் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் யாவும் ஒரே நாளில் பழையனவாகிவிட்டன. ஜெர்மனி போட்டியில் இறங்கியது. எட்டு ஆண்டுகள் ஐரோப்பிய நாடுகள் உருக்கையும் பொன்னையும் கடலில் கொட்டின.

அப்போட்டியில் சிறிய கப்பல்களுக்கும் இடம் இருந்தது. நீர்மூழ்கு குண்டுகளைச் செலுத்தும் சிறு படகுகளிடமிருந்து பெரும் கப்பல்களைக் காக்கப் பிறந்தவையே நாசகாரிக் கப்பல்கள். தொடக்கத்தில் அவை முந்நூறு, நானூறு டன் எடையுள்ள மெல்லிய உடல் கொண்ட விரைவுக் கலங்கள். இத்துறையில் இத்தாலி நடந்துகொண்ட முறை கருதத்தக்கது. நேப்பிள்ஸ் நகரின் பாட்டிசன் பட்டறையில் 1899 முதல் ‘நெம்போ’ வகை நாசகாரிகள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 330 டன் எடை. மணிக்கு 30 கடல் மைல் அளவிலான வேகம். அவற்றுக்குப் புயல், சூறாவளி, வாடை எனக் காற்றின் பெயர்களையே இத்தாலியர் சூட்டினர். வரைபடம் இங்கிலாந்தின் தோர்னிகிராஃப்ட் நிறுவனத்துடையது. கட்டிய கை இத்தாலியத் தொழிலாளியுடையது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே பட்டறை விசைச்சுழலி பூட்டிய ‘இண்டோமிட்டோ’ என்னும் நாசகாரியை உருவாக்கி, 1912இல் நீரில் இறக்கியது. ஜெனோவாவின் அன்சால்டோ நிறுவனமும் இங்கிலாந்தின் ஆம்ஸ்டிராங் நிறுவனத்தோடு சில ஆண்டுகள் கூட்டுச் சேர்ந்து தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டது. ஜப்பானும் இவ்வழியே சென்றது. ‘கொங்கோ’ என்னும் கப்பலை இங்கிலாந்தில் கட்டச் செய்து, அதன் உடன்பிறப்பான ‘ஹியே’யைத் தன் யோக்கோசுக்கா தளத்திலேயே கட்டி முடித்தது.

கப்பல் வாங்குவது வேறு, கப்பல் கட்டக் கற்றுக்கொள்வது வேறு என்பதை அந்நாடுகள் அறிந்திருந்தன. தமிழகத்தில் அவ்வேட்கை கொண்டவர் வ. உ. சிதம்பரனார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்து, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடவிட்டார். 1908இல் அவருக்குக் கிடைத்தது சிறை. அவர் சிறையிலிருக்கும்போதே நிறுவனமும் மூடப்பட்டது. அவர் விடுதலையானது 1912 டிசம்பரில். அதற்கு முந்திய நவம்பரில்தான், வங்கக் கடலின் மறுகரையில், வேறொரு கப்பலுக்கான தீர்மானம் நிறைவேறியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் சொந்தப் பணத்தில் வாணிகக் கப்பல் ஓட்டியவரைச் செக்கிழுக்க வைத்த அதே பேரரசு, மற்றோர் அடிமை நாட்டின் பணத்தில் போர்க்கப்பல் பெற்று மகிழ்ந்த ஆண்டு அது.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் இணைந்து ஐக்கிய மலாய் மாநிலங்கள் ஆயின. கோலாலம்பூர் தலைநகராயிற்று. 1909இல் கூட்டாட்சி மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. அதில் உயர் ஆணையர் தலைவர். நான்கு மாநிலங்களின் ஆட்சியாளர்களும், நான்கு பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளும், அதிகாரிகளும் உறுப்பினர்கள். அரசு சாராதோர் எனச் சேர்க்கப்பட்டவர்கள் ஐரோப்பியத் தொழிலதிபர் சிலரும் ஒரு சீனத் தொழிலதிபரும் ஆவர். அவர்களையும் அரசே நியமித்தது. இம்மன்றத்தில் 1912 நவம்பரில் பேராக் சுல்தான் இத்ரிஸ் ஷா முன்மொழிய, முதல்தரக் கவசப் போர்க்கப்பல் ஒன்றைப் பிரிட்டனுக்கு அன்பளிப்பாக வழங்குவது என முடிவாயிற்று. எதிர்ப்பு இல்லை, எதிர்க்கக்கூடியவர் எவரும் அங்கு அமரவும் இல்லை.

இதே காலத்தில் கனடாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று பெரும் போர்க்கப்பல்களுக்காகப் பிரிட்டனுக்கு 3 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுக்கப் பிரதமர் போர்டன் 1912 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார். மாதக்கணக்கில் வாதம் நடந்தது. 1913 மே மாதம் கனடாவின் மேலவை அதைத் தள்ளிவிட்டது. ஆஸ்திரேலியாவோ தனக்கெனத் தனிக் கடற்படையையே அமைத்துக்கொண்டது. நியூசிலாந்து கப்பல் கொடுத்தது. ஆனால் அங்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி இருந்தது. கேட்பாரற்றுக் கொடுத்தது மலாயா மட்டுமே.

கப்பலின் விலை 29 இலட்சத்து 45 ஆயிரத்து 709 பவுன் எனக் குறிக்கப்படுகிறது. 1906 முதல் ஒரு மலாயா வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என மதிப்பு நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அவ்வாறு கணக்கிட்டால் தொகை ஏறத்தாழ 2 கோடியே 52 இலட்சம் வெள்ளி. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நான்கு மாநிலங்களிலும் வாழ்ந்தோர் 10 இலட்சத்து 37 ஆயிரம் பேர். ஆகவே கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 24 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. பால்வெட்டுத் தொழிலாளியின் நாட்கூலியை 35 காசு என்று தாராளமாகவே கொண்டாலும், அது எழுபது நாள் கூலிக்கு நிகர். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் பங்கு, ஒருவர் ஓராண்டு முழுதும் பெரட்டுக்குத் தவறாமல் நின்று ஈட்டும் கூலியைத் தொட்டுவிடும்.

‘ரப்பர் வாங்கித் தந்த கப்பல்’ என்று சிலர் சொல்வதுண்டு. அது மிகை. 1910இல் இலண்டன் சந்தையில் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது உண்மையே. ஆனால் ரப்பர் மீதான ஏற்றுமதி வரி மிகச் சிறியது. ஆதாயம் பெரும்பாலும் பிரிட்டிஷ் நிறுவனப் பங்குதாரர்களுக்கே போய்ச் சேர்ந்தது. அரசுக் கருவூலத்தை நிரப்பியவை முதலில் ஈய ஏற்றுமதி வரி, அடுத்து இரயில்வே வருவாய், பின்னர் அபின், சாராயம், கள் ஆகியவற்றின் மீதான வரிகள். ஈயத்தைத் தோண்டியவர்கள் சீனர்கள். அபினுக்குப் பலியானவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆதலால் இக்கப்பலைத் தமிழன் மட்டும் வாங்கித் தந்தான் என்று மார்தட்டுவதற்கு வரலாறு இடம் தராது. அவனுடைய பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பதே நேர்மை.

அந்தப் பங்கைக் காணக் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிவந்தாலே போதும். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886இல் இரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் பாதை கிள்ளானை அடைந்தது. 1901இல் கடலோரச் சதுப்பில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே. திறந்த சில வாரங்களில் மலேரியாக் காய்ச்சல் துறைமுகத்தையே முடக்கியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தும் காடு திருத்தியும் அதைக் கட்டுப்படுத்தினார். அவர் திட்டம் தீட்டினார். முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டிய கூலிகளுள் பெரும்பாலோர் தமிழர். இருப்புப் பாதைக்கு மண் சுமந்தவர்களும், கட்டை அடுக்கியவர்களும், செந்தூல் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்களும் தமிழரே. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் தமிழகத்துத் தொழிலாளியும் யாழ்ப்பாணத்து எழுத்தரும் ஒருவர் நாளைய வேலையையும் மற்றவர் நாளைய கணக்கையும் எண்ணிக்கொண்டு உறங்கினர். ஈயம் துறைமுகம் சேர்ந்ததும் இரயில்வே இலாபம் கருவூலம் சேர்ந்ததும் இவர்களுடைய உழைப்பின் மேல்தான்.

தோட்டங்களில் நிலை இன்னும் கடுமை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை ஓங்கியது. 1913ஆம் ஓராண்டில் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தென்னிந்தியாவிலிருந்து மலாயா வந்திறங்கினர். புதுத் தோட்டங்களில் காடழித்த முதல் தலைமுறையைக் காய்ச்சல் வாரிக்கொண்டது. பிழைத்தவனுக்கு மாலையில் கள்ளுக்கடை. கூலி தந்த கை ஒன்று, வரியாக அதைத் திரும்ப வாங்கிய கை மற்றொன்று. 1911இல் நான்கு மாநிலங்களிலும் இந்தியர் 1 இலட்சத்து 72 ஆயிரம் பேர் இருந்தனர். கூட்டாட்சி மன்றத்திலோ அவர்களுக்கென ஒரு நாற்காலியும் இல்லை. கோலாலம்பூர் வழக்கறிஞர் எஸ். வீராசாமி அம்மன்றத்தின் முதல் இந்திய உறுப்பினராக அமர்ந்தது 1928இல்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்ற கட்டாயம் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில்தான் வலுப்பெற்றது. அதன் பின்னும் பல இடங்களில் கங்காணியே வாத்தியார். ஒரு கொட்டகையே பள்ளிக்கூடம். கப்பலுக்கு ஒரே அமர்வில் கை திறந்தவர்கள், கரும்பலகைக்குப் பதினோர் ஆண்டு யோசித்தார்கள்.

இனிக் கப்பலுக்கு வருவோம். 1913 அக்டோபர் 20ஆம் நாள் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஆம்ஸ்டிராங் விட்வொர்த் நிறுவனத்தின் வாக்கர் தளத்தில் அடிப்பாளம் இடப்பட்டது. அந்நிறுவனத்தின் பழைய எல்ஸ்விக் தளம் ஆற்றின் மேற்பகுதியில், பாலங்களுக்கு அப்பால் இருந்தது. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போனதால் அங்கிருந்து கடலுக்கு இறக்குவது இயலாதாயிற்று. அதற்காகவே கடலை நோக்கிக் கீழே வந்து புதுத்தளம் கண்டனர். குவீன் எலிசபெத் வகையில் நான்கு கப்பல்களே திட்டத்தில் இருந்தன. ஐந்தாவதாகச் சேர்ந்தது மலாயா.

நீளம் ஏறத்தாழ 196 மீட்டர். நிறை 30,000 டன்னுக்கு மேல். நேப்பிள்ஸ் நாசகாரிகளைப் போன்ற தொண்ணூறு கலங்களை ஒரு தட்டில் வைத்தால்தான் மறுதட்டில் இது சமன் ஆகும். நான்கு சுழல்கூண்டுகளில் இரண்டிரண்டாக எட்டுப் பெரும் பீரங்கிகள். குழல் வாயின் அகலம் 15 அங்குலம். ஒரு குண்டின் எடை 870 கிலோ. அடியில் 24 கொதிகலன்கள் நீராவி எழுப்ப, விசைச்சுழலிகள் 75,000 குதிரைத்திறன் வரை ஆற்றல் தரும். இவற்றையெல்லாம் விடப் புரட்சிகரமானது எரிபொருள். அதுவரை பெரும் போர்க்கப்பல்கள் நிலக்கரியால் ஓடின. இவ்வகையோ முழுவதும் எண்ணெயால் ஓடியது. ஒரே எடையில் எண்ணெய் அதிக வெப்பம் தரும். கரி அள்ளிப் போடும் ஆட்கூட்டம் தேவையில்லை. ஆனால் பிரிட்டனிடம் நிலக்கரி மலைபோல் இருந்தது, எண்ணெய் இல்லை. ஆகவே 1914இல் பாரசீக எண்ணெய் நிறுவனத்தில் அரசே பங்கு வாங்கியது. மேற்காசிய எண்ணெய் அரசியலின் தொடக்கப் பக்கங்களில் இக்கப்பல்களின் நிழல் விழுந்திருக்கிறது.

கப்பல் தளத்தில் இருக்கும்போதே போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் ‘எம்டன்’ சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. சாமர்த்தியக்காரனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கு தமிழில் அன்று பிறந்தது. அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் அது பினாங்குத் துறைக்குள் புகுந்து, ‘ஜெம்சுக்’ என்னும் ருசியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் ‘மொஸ்கே’ என்னும் பிரெஞ்சு நாசகாரியையும் தகர்த்தது. முந்நூறு டன் எடையுள்ள அந்தச் சிறு கலம் எதிர்த்துப் போராடியே மூழ்கியது. மலாயாவின் கரையோரம் பகைவன் வந்த அந்நாளில், மலாயா மக்கள் பணம் கட்டிக்கொண்டிருந்த கப்பல் இன்னும் நீரைத் தொடவில்லை. எம்டனைக் கோக்கோஸ் தீவருகே நவம்பர் 9ஆம் நாள் அடித்து ஒடுக்கிய ‘சிட்னி’யோ, தனிக் கடற்படை வைத்துக்கொண்ட ஆஸ்திரேலியாவுடையது. கொடுத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தனக்கென வைத்துக்கொண்டவன் உதவினான்.

1915 மார்ச் 18ஆம் நாள் மலாயா நீரில் இறங்கியது. 1916 பிப்ரவரியில் படையில் சேர்ந்து, அதே ஆண்டு மே 31இல் வடகடலில் நிகழ்ந்த ஜட்லாந்துப் போரைக் கண்டது. ஐந்தாம் போர்க்கப்பல் பிரிவின் வரிசையில் கடைசிக் கப்பல் அது. பிரிவு திரும்பும்போது பகைவரின் குண்டுகள் கடைசிக் கப்பலை நோக்கிக் குவிந்தன. எட்டுக் குண்டுகள் தைத்தன. ஒன்று வலப்புறச் சிறு பீரங்கி மேடையைத் துளைக்க, வெடிமருந்து பற்றிக்கொண்டது. அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். முகம் வெந்து பிழைத்த ஒரு மாலுமிக்கு 1917இல் மருத்துவர் கில்லீஸ், உடலின் தோலைக் குழல்போல் சுருட்டி முகத்தில் ஒட்டும் புதுமுறைச் சிகிச்சை செய்தார். ஒட்டறுவை மருத்துவ வரலாற்றில் அது ஒரு மைல்கல். அப்போரில் மலாயாவின் கொடிமரத்தில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்கொண்ட ஐக்கிய மலாய் மாநிலக் கொடி பறந்தது. அக்கொடியை அறிந்த ஒருவரேனும் அந்தக் கடலில் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

போர் முடிந்தபின் கப்பல் கிழக்கே வந்தது. 1921 ஜனவரியில் கன்னாட் கோமகனை ஏற்றிக்கொண்டு சென்னையில் நங்கூரமிட்டது. சென்னையின் புதிய சட்டமன்றத்தைத் தொடங்கிவைக்க அவர் வந்திருந்தார். பின்னர் மலாயாக் கடற்கரைக்கும் வந்து, பணம் தந்த நாட்டுக்குத் தன்னைக் காட்டிச் சென்றது. அவ்வேளையில் ரப்பர் விலை வீழ்ந்து கிடந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தமிழர் வேலையிழந்து ஊர் திரும்பினர். சென்னையில் கோமகனை இறக்கிய கப்பலும், அதே சென்னையில் எலும்பும் தோலுமாகத் தொழிலாளரை இறக்கிய கப்பல்களும் ஒரே கடலில் எதிர்ப்பட்டிருக்கும். 1922 நவம்பரில், அரியணை இழந்த கடைசித் துருக்கிய சுல்தான் ஆறாம் மெகமதை இஸ்தான்புல்லிலிருந்து மால்ட்டாவுக்கு ஏற்றிச் சென்றதும் இதே மலாயாதான்.

கொடுக்கும் வழக்கம் ஒன்றோடு நிற்கவில்லை. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்காக 1926இல் ஐக்கிய மலாய் மாநிலங்கள் மேலும் 20 இலட்சம் பவுன் அளித்தன. 1938இல் தளம் திறக்கப்பட்டது. அதை வெல்ல முடியாத கோட்டை என்றார்கள். 1941 டிசம்பர் 10ஆம் நாள், குவாந்தான் கடலில் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. இரண்டு மாதத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் வீழ்ந்தன. இந்நாட்டின் பெயர் தாங்கிய கப்பல் அப்போது எங்கிருந்தது? ஜிப்ரால்டரைத் தளமாகக் கொண்ட படைப்பிரிவில், மத்தியதரைக் கடலின் வாயிலைக் காத்துக்கொண்டிருந்தது. அருகில் இருந்திருந்தாலும் விமானத்தின் முன் அதுவும் தப்பியிராது. என்றாலும் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டந்தோட்டமாக இழுத்துச் செல்லப்பட்ட தமிழருக்கு, அவர்தம் தந்தையர் உழைத்துத் தந்த அந்த எட்டுப் பீரங்கிகளால் ஒரு பயனும் இல்லை.

அந்தப் பீரங்கிகள் இத்தாலியரை ஒருமுறை தேடிச் சென்றன. 1941 பிப்ரவரி 9ஆம் நாள் ஜெனோவா நகரின் துறைமுகத்தையும் தொழிற்கூடங்களையும் பிரிட்டிஷ் கப்பல்கள் கடலிலிருந்து தாக்கின. ஒருகாலத்தில் ஆம்ஸ்டிராங் நிறுவனம் தொழில் கற்பித்த அன்சால்டோ ஆலைகள் உள்ள நகரம் அது. தாக்க வந்த கப்பலும் ஆம்ஸ்டிராங் கட்டியது. மலாயா எய்த ஒரு குண்டு குறி தவறிப் பழம்பெரும் சான் லொரென்சோ தேவாலயத்தின் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை. அக்குண்டு இன்றும் தேவாலயத்துக்குள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மறுமாதம் 20ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலில் கப்பல் காயமுற்றது. நியூயார்க்கில் பழுது பார்க்கப்பட்டு மீண்டது.

1948 பிப்ரவரியில் மலாயாவைக் கழிபொருளாக விற்றார்கள். ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் அது துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. அம்மாதத்தின் முதல் நாளில்தான் இங்கே மலாயாக் கூட்டரசு பிறந்திருந்தது. இந்த மண்ணில் யாருக்குக் குடியுரிமை, யாருக்கு இல்லை என்ற வழக்கு சூடு பிடித்துக்கொண்டிருந்தது. பால்வெட்டித் தழும்பேறிய கைகள் மனுத் தாள்களில் பெருவிரல் உருட்டிக்கொண்டிருந்தன. உடைத்த உருக்கு உலைக்குப் போயிற்று. கப்பலின் மணி மட்டும் இலண்டனில், கிழக்கிந்திய மன்றம் என்னும் கனவான்களின் மனமகிழ் மன்றத்தில் தொங்குகிறது.